டைவ் கம்ப்யூட்டரா, முள் கேஜா?

கேள்வி இதுதான்: "முதல் ஸ்கூபா பயிற்சி முடிந்துவிட்டது. இனி சொந்தமாகக் கருவி வாங்கலாம் என்றிருக்கிறேன். டைவ் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும், முள் வைத்த பிரஷர் கேஜெல்லாம் பழைய சங்கதி என்கிறார் ஒருவர். கம்ப்யூட்டர் எப்போது வேண்டுமானாலும் மக்கர் பண்ணும், முள்ளைத்தான் நம்பலாம் என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கம்ப்யூட்டரை வாங்குங்கள். முள் கேஜ், சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் வாய்க்குத் தரும் கருவியான ரெகுலேட்டரை வாடகைக்கு எடுத்தால் அதோடு சேர்ந்தே வரும். ரெகுலேட்டரும் சொந்தமாக வாங்கும் நாள் வரும்போது அதில் ஒரு சாதாரண முள் கேஜை மாட்டிக்கொள்ளுங்கள். சிலிண்டர் அழுத்தத்தையும் மணிக்கட்டிலேயே காட்டும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் மூன்றாவதாக வரட்டும். வராமலே போனாலும் குறையில்லை. ஏன் இந்த வரிசை என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

இதுவா அதுவா என்று கேட்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பிரஷர் கேஜ், சிலிண்டரில் இன்னும் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும். அவ்வளவுதான், வேறொன்றும் அதற்குத் தெரியாது. டைவ் கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கும் என்று கணக்குப் போடுகிறது. அது அளவுக்கு மீறி ஏறிவிட்டால் நேராக மேலே வருவது ஆபத்து. இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருந்தால் இடையில் கட்டாயமாக நிற்க வேண்டிய அவசியம் இல்லாமல் மேலே வரலாம் என்று சொல்கிறது. டிரான்ஸ்மிட்டர் இல்லாத கம்ப்யூட்டருக்கு உங்கள் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா காலியா என்பதே தெரியாது. "எல்லாம் இதிலேயே தெரியும்" என்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் விழுங்கிவிடுவார்கள்.

இந்த இரண்டில் எது உங்களை முதலில் மேலே அனுப்பும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார். மொத்தம் 2,400 லிட்டர் காற்று. 50 பார் மிச்சத்தோடு மேலே வந்துவிட வேண்டும் என்பது வழக்கம். ஆக, செலவழிக்க இருப்பது 150 பார். புதிதாகக் கற்றவர் கொஞ்சம் பதற்றத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது நீருக்கு மேலே உள்ள கணக்கு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் 1 பார் கூடும். 18 மீட்டரில் மொத்த அழுத்தம் 2.8 பார் என்பதால் அதே மூச்சுக்கு நிமிடத்துக்கு 56 லிட்டர் போகும். முள் நிமிடத்துக்கு 4.7 பார் இறங்கும். 32 நிமிடத்தில் 150 பாரும் காலி. ஆனால் பி.ஏ.டி.ஐ. என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணை 18 மீட்டரில் முதல் டைவுக்கு 56 நிமிடம் வரை தருகிறது. புதியவரை மேலே அனுப்புவது கேஜ்தான், நைட்ரஜன் வரம்பின் பக்கத்தில்கூட அவர் போவதில்லை.

அதே ஆள் நூறு டைவ் முடித்து, மூச்சு அடங்கி, நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு வந்துவிட்டார் என்றால் அதே 150 பார் 54 நிமிடம் ஓடும். காற்றும் நைட்ரஜன் வரம்பும் ஏறக்குறைய ஒன்றாக முடிகின்றன. அதுவே அன்றைய இரண்டாவது டைவ் என்றால் முதல் டைவின் நைட்ரஜன் உடம்பில் மிச்சம் இருக்கும். வரம்பு சுருங்கும், கம்ப்யூட்டர்தான் முதலில் மணியடிக்கும். ஆழம் கூடினால் புதியவருக்கும் இதே கதைதான். 30 மீட்டரில் அட்டவணை தருவது 20 நிமிடம், நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவரின் காற்று ஓடுவது 22 நிமிடம். மேலேறும்போது செலவாகும் காற்றை நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் நெருக்கம்.

சரி, முதல் இருபது டைவுக்கு முள்தானே முக்கியம், பிறகு ஏன் கம்ப்யூட்டரை முதலில் வாங்கச் சொல்கிறேன்? அதற்கு வருகிறேன். முதலில் முள்ளைப் பற்றி.

கேஜுக்குள் இருப்பது போர்டான் குழாய். 1849இல் பிரெஞ்சுக்காரர் யூஜின் போர்டான் காப்புரிமை பெற்ற யோசனை அது. தட்டையாக்கி வளைத்த ஓர் உலோகக் குழாய். உள்ளே அழுத்தம் ஏற ஏற வளைவு கொஞ்சம் நிமிரும். ஊதினால் சுருள் பிரிந்து நீளும் காகிதப் பீப்பியைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. அந்தச் சின்ன அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகிறது. பாட்டரி கிடையாது, எதோடும் இணைக்க வேண்டியது கிடையாது, மெனு கிடையாது.

அப்புறம், முள்ளுக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஆடும். அந்த ஆட்டத்தில் ஒரு சேதி இருக்கும்.

ஒருமுறை என்னோடு இறங்கியவர் 18 மீட்டரில் நெஞ்சைத் தொட்டு, மூச்சு சரியாக வரவில்லை என்று சைகை காட்டினார். படகில் இருந்தபோது ரெகுலேட்டரை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தவர்தான், நன்றாகத்தான் வந்தது. கேஜ் 200 காட்டியது. இப்போது அவர் கேஜைக் கையில் பிடித்துப் பார்த்தேன். அவர் மூச்சை இழுக்கும்போது முள் 170இலிருந்து சரசரவென்று 100க்கு விழுகிறது. வெளியே விடும்போது மெல்ல 170க்குத் திரும்புகிறது. மறுபடி இழுக்கிறார், மறுபடி விழுகிறது. பின்னால் கையை விட்டு சிலிண்டர் வால்வைத் திருகினேன். திருகத் திருகத் திறந்துகொண்டே போனது. அடுத்த மூச்சுக்கு முள் அசையவில்லை. யாரோ உதவி செய்வதாக நினைத்து, திறந்திருந்த வால்வை முழுக்க மூடிவிட்டு, கால் சுற்று மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். முழுக்கத் திறந்து கால் சுற்று பின்னால் திருப்புவது ஒரு பழைய வழக்கம். திசை மாறிவிட்டால் அதே கால் சுற்றுதான் ஆளை மாட்டிவிடும்.

நீருக்கு மேலே அந்தச் சின்ன இடுக்கு வழியாக வரும் காற்று போதும். 18 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு அளவுக்குக் காற்று அதன் வழியாக வர வேண்டியிருக்கிறது, வராது. அதனால்தான் மேலே "நன்றாக இருக்கிறது" என்று தோன்றியது கீழே போய்க் கழுத்தை நெரிக்கிறது. குதிப்பதற்கு முன் கேஜைப் பார்த்துக்கொண்டே நான்கு முறை ஆழமாக மூச்சை இழுங்கள். முள் ஆணி அடித்தாற்போல் நிற்க வேண்டும். கொஞ்சம் துடித்தாலும் வால்வைப் பாருங்கள். வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் சில நொடிகளுக்கு ஒருமுறைதான் எண்ணை அனுப்பும். மூச்சுக்கு மூச்சு நடக்கும் இந்த ஏற்ற இறக்கம் அதில் மாட்டலாம், மாட்டாமலும் போகலாம். மாட்டினாலும் திரையில் தெரிவது பொருந்தாத இரண்டு எண்கள்தான், ஒரு முள் விழுந்து எழும் காட்சி அல்ல.

முள்ளுக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. கீழே விழுந்து அடிபட்ட கேஜில் முள் பூஜ்யத்துக்கு வராது. வால்வை மூடி, ரெகுலேட்டரில் இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகும் 10, 20 என்று நிற்கும். 200ஐ 220 என்று காட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 30ஐ 50 என்று காட்டினால்தான் ஆபத்து. அதனால் வாடகைக் கேஜைக் கையில் வாங்கியதும் முதலில் பூஜ்யத்தைப் பாருங்கள். ஹோஸும் கேஜும் சேரும் இடத்தில் குண்டூசித் தலை அளவுக்குக் குமிழி வரிசையாக வந்தால், உள்ளே இருக்கும் பொடி ரப்பர் வளையம் (ஓ-ரிங்) தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். டைவை ரத்து செய்யும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை, ஆனால் அன்று மாலையே மாற்றிவிட வேண்டும். கேஜுக்குப் போகும் உயர் அழுத்த ஹோஸ் வெடித்தால் சிலிண்டர் நொடியில் காலியாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சத்தம்தான் பயங்கரமாக இருக்கும். ரெகுலேட்டரின் முதல் நிலையில், அதாவது சிலிண்டர் வால்வில் மாட்டும் பகுதியில், அந்த ஹோஸுக்குக் காற்று போகும் துளையை வேண்டுமென்றே மிகச் சிறியதாக வைத்திருப்பார்கள். வாய்க்குப் போகும் குறைந்த அழுத்த ஹோஸ் வெடித்தால்தான் காற்று இன்னும் வேகமாகப் போகும்.

வெயிலில் கிடந்த சிலிண்டர் 210 காட்டி, தண்ணீரில் இறங்கியதும் சில பார் குறைந்தால் கேஜைக் குறை சொல்லாதீர்கள். காற்று குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி கம்ப்யூட்டர். இதன் கணக்குக்கு வேர் 1908இல் இருக்கிறது. ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, உடம்பின் திசுக்கள் எல்லாம் ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்குவதில்லை, சில வேகமாக, சில மெதுவாக என்ற அடிப்படையில் அட்டவணை போட்டார். பிற்பாடு சூரிச்சில் ஆல்பர்ட் பூல்மான் இதையே விரித்து, 16 கற்பனைத் திசுக்களாகப் பிரித்தார். அவற்றில் வேகமானது பாதி நிறைய சில நிமிடம் போதும், மிக மெதுவானதற்கு 635 நிமிடம். உங்கள் மணிக்கட்டில் இருக்கும் கருவி சில நொடிக்கு ஒருமுறை அழுத்தத்தைப் படித்து, இந்தத் திசுக் கணக்கையோ இதன் பங்காளி ஒன்றையோ ஓட்டிக்கொண்டே இருக்கிறது. 1983இல் வந்த ஓர்கா எட்ஜ் என்ற பெரிய பெட்டி மாதிரியான கருவியிலிருந்து பொழுதுபோக்கு டைவர்களிடம் இது பரவ ஆரம்பித்தது.

இதனால் என்ன லாபம்? அட்டவணை, நீங்கள் டைவ் முழுக்க அதிக ஆழத்திலேயே இருந்ததாகத்தான் வைத்துக்கொள்ளும். மூழ்கிய கப்பலின் அடிப்பகுதியை 28 மீட்டரில் 10 நிமிடம் பார்த்துவிட்டு, 15 மீட்டரில் கொஞ்சம், 8 மீட்டரில் கொஞ்சம் என்று படிப்படியாக ஏறி வந்தால்கூட, அட்டவணைக்கு அது முழுக்க 30 மீட்டர் டைவ். 20 நிமிடத்தில் கதை முடிந்தது. கம்ப்யூட்டரோ நீங்கள் ஏற ஏற நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும். காற்று இருந்தால் அதே டைவை 40 நிமிடத்துக்குத் தாராளமாக நீட்டலாம்.

ஆனால் புதியவருக்கு அதைவிடப் பெரிய லாபம் மேலேறும் வேகம். நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் ஏறாதே என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நீலத் தண்ணீரில் கண்ணுக்கு ஒரு பிடிமானமும் இல்லாதபோது அந்த வேகத்தை உணர்வால் கணிக்கவே முடியாது. கம்ப்யூட்டரில் ஒரு பட்டை ஏறும், பீப் பீப் என்று கத்தும். 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தை அதுவே எண்ணும். எந்த முள் கேஜும் இதைச் செய்யாது. இந்த ஒன்றுக்காகவே நான் முதல் டைவிலிருந்தே கம்ப்யூட்டர் கட்டச் சொல்வேன்.

சரி, அது சொல்வதெல்லாம் வேதமா? இல்லை. கருவி உங்கள் உடம்பைப் பார்க்கவில்லை; ஆழத்தையும் கடிகாரத்தையும்தான் பார்க்கிறது. நேற்று தூங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்துவிட்டீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திரையில் 2 நிமிடம் மிச்சம் என்றால் அந்த 2 நிமிடத்தையும் செலவழித்தே தீருவேன் என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி நிற்க வேண்டியதில்லை.

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரை ஏன் சொந்தமாக வாங்க வேண்டும் என்றால், அது ஞாபகம் வைத்துக்கொள்ளும் கருவி. காலை டைவில் ஏறிய நைட்ரஜன் மதியம் எவ்வளவு மிச்சம் என்று அதற்குத்தான் தெரியும். காலையில் ஒரு வாடகைக் கருவி, மதியம் இன்னொன்று என்று கட்டினால், இரண்டாவது கருவி நீங்கள் இன்றைக்குத் தண்ணீரையே தொடவில்லை என்று நினைத்துத் தாராளமாக நிமிடங்களை அள்ளிக் கொடுக்கும். நேற்று வேறொருவர் கட்டிய கருவி என்றால் அவருடைய நைட்ரஜனை உங்கள் தலையில் கட்டும். ஜோடியாகப் போகும் இருவர் ஒரே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதும் இதே தப்புதான். ஒருவர் இரண்டு மீட்டர் கீழே இருந்திருப்பார். முள் கேஜுக்கு நேற்று இன்று எதுவும் கிடையாது. யாருடையதாக இருந்தாலும் பூஜ்யம் சரியாக இருந்தால் இன்றைக்கு உங்களுக்கு வேலை செய்யும். அதனால்தான் ஒன்று சொந்தம், ஒன்று வாடகை என்றேன்.

கம்ப்யூட்டரே இல்லாமல், முள் வைத்த ஆழ கேஜ், கைக்கடிகாரம், பிளாஸ்டிக் அட்டவணை என்று மூன்றையும் வைத்துக்கொண்டு டைவ் செய்ய முடியாதா என்றால், முடியும். கம்ப்யூட்டர் பரவும்வரை எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு டைவ், 12 மீட்டர் என்றால் ஒரு கஷ்டமும் இல்லை. நாளைக்கு மூன்று, நான்கு நாள் தொடர்ச்சியாக என்று வந்தால் ஈரக் கையோடு அட்டவணையில் விரலை ஓட்டி உண்மையாகக் கணக்குப் போடுபவர் யார்? அந்த நேர்மையை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது, என்னிடமும்தான்.

அடுத்து டிரான்ஸ்மிட்டர். வசதிதான், மறுக்கவில்லை. அழுத்தமும் ஆழமும் ஒரே திரையில் வரும். உங்கள் மூச்சு வேகத்தைப் பார்த்து இன்னும் எத்தனை நிமிடக் காற்று என்றும் பல கருவிகள் சொல்லும். மேலே வந்த பிறகு எங்கே பதறி மூச்சை அள்ளினீர்கள் என்பதைப் பதிவில் பார்க்கலாம், கற்றுக்கொள்ள அருமையான விஷயம். தொங்கும் ஹோஸ் ஒன்று குறையும். ஆனால் ரேடியோ அலை தண்ணீரில் சீக்கிரம் செத்துவிடும். அதனால் பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்கள் தாழ்ந்த அதிர்வெண்ணில், ஒரு கை தூரத்துக்கு மட்டுமே பேசும். கையை அந்தப் பக்கம் நீட்டினால் எண் காணாமல் போய்க் கோடு வரும். பக்கத்தில் கேமரா ஃபிளாஷ் வெடித்தாலும் சிலதில் துண்டிக்கும். சில நொடியில் திரும்பி வந்துவிடும் என்றாலும், வராத நாளில் டைவை முடிக்க வேண்டியதுதான். இன்னொரு வேடிக்கை: முதல் நிலையிலிருந்து விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் அதைப் பார்த்து, கைப்பிடி என்று நினைத்து சிலிண்டரைத் தூக்குபவர்கள் உண்டு. உடைந்துபோகும். படகில் உதவிக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கும் நானும் ஒரு குட்டி முள் கேஜை இடது பக்கம் கொக்கியில் மாட்டித்தான் வைத்திருக்கிறேன்.

படிக்கும் வசதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்கும். மாஸ்க்குக்குள் படிக்கும் கண்ணாடி கிடையாது. பொடி எழுத்தில் 78ஆ 76ஆ என்று தெரியாவிட்டாலும், முள் சிவப்புப் பகுதிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது மங்கலாகவே தெரிந்துவிடும். 30 மீட்டரில் நைட்ரஜன் மயக்கம் லேசாகத் தட்டும்போது இது இன்னும் உதவும். கம்ப்யூட்டர் வாங்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள்: வாட்ச் அளவில் அழகாக இருப்பதைவிட, உள்ளங்கை அளவுத் திரையில் எண் பெரிதாக இருப்பது மேல். வாடகைக் கேஜ் பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் குழம்பாதீர்கள். 3,000 என்பது ஏறக்குறைய 207 பார், நம் 50 பார் அங்கே 725. சிவப்புக் கோடு 500இல் தொடங்கினால் அது 34 பார்தான்.

கம்ப்யூட்டர் நடுவழியில் அணைந்துவிட்டால்? அன்றைய டைவ் அத்தோடு முடிந்தது. உங்கள் குமிழிகளில் மிகச் சின்னதைவிட மெதுவாக ஏறுங்கள், 5 மீட்டரில் தாராளமாக நில்லுங்கள். மாற்றுக் கருவி கட்டிக்கொண்டு இறங்குவதற்கு முன் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள், நைட்ரஜன் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். கேஜ் போனாலும் அதேதான்: எவ்வளவு காற்று என்று தெரியாமல் கீழே இருக்கக் கூடாது. கூட்டாளியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடுங்கள்.

இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் குறைக்கலாம். பாட்டரியை நீங்களே மாற்றக்கூடிய மாடலாகவோ, சார்ஜ் செய்வது என்றால் ஒருமுறை போட்டால் பல டைவுக்கு வருவதாகவோ பாருங்கள். பட்டனைக் கையுறை போட்டு அழுத்திப் பாருங்கள். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) வசதி இப்போது ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. இன்னும் எச்சரிக்கையாகக் கணக்குப் போடு என்று சொல்லும் அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு: ஷியர்வாட்டரில் பூல்மான் கணக்கு, சூன்டோவின் பல மாடல்களில் குமிழிகளையும் கணக்கில் எடுக்கும் ஆர்.ஜி.பி.எம். வகைக் கணக்கு. அதனால் ஒரே டைவில் உங்களுக்கு 12 நிமிடமும் கூட்டாளிக்கு 7 நிமிடமும் காட்டினால் யாருடையதும் கெட்டுப்போகவில்லை. குறைவான எண்ணைப் பார்த்து இருவரும் ஏறுங்கள்.

வாங்கியதும் அமைப்புகளில் ஒன்றை மட்டும் ஒவ்வொரு டைவுக்கு முன்பும் பாருங்கள்: எந்தக் காற்று என்று போட்டிருக்கிறது. நேற்று 32 சதவீத நைட்ராக்ஸில் இறங்கியிருப்பீர்கள், இன்று சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்று. சில கருவிகள் தானாகவே 21க்குத் திரும்பிவிடும், சில திரும்பாது. 32இலேயே விட்டுவிட்டால், உடம்பில் ஏறும் நைட்ரஜனைவிடக் குறைவாகக் கணக்குப் போட்டு அதிக நிமிடங்களைத் தரும், எந்த அலாரமும் அடிக்காது. தலைகீழாக நடந்தால், அதாவது உள்ளே 32 இருக்க 21 என்று போட்டிருந்தால், ஏறக்குறைய 33 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் அளவு மீறும். அதையும் அது சொல்லாது. வால்வைத் திறந்து முள்ளைப் பார்த்தபடி நான்கு மூச்சு இழுக்கும்போதே, இன்னொரு கையில் இந்த எண்ணையும் பார்த்துவிடுங்கள்.